கற்பிக்க இயலாதவர் என்ற சொல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் வரை, ஒரு குழந்தை பள்ளியில் கல்வி பெறத் தகுதியற்றது என்று அறிவிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக் கல்வித் துறைக்குச் சட்டப்படியே இருந்தது. அனைவருக்கும் இலவச இடைநிலைக் கல்வியை உறுதி செய்ததற்காக இன்றும் போற்றப்படும் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம்தான், தன் 57ஆம் பிரிவில் இந்த விலக்கையும் எழுதி வைத்திருந்தது. மருத்துவ அலுவலர் ஒருவர் குழந்தையைச் சோதிப்பார். வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சியை ஓர் எண்ணாகச் சொல்லும் நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 50க்குக் கீழே இருப்பதாக அவர் கண்டால், அந்தக் குழந்தையின் பெயர் கல்வித் துறையின் பதிவேட்டிலிருந்து நீங்கிச் சுகாதாரத் துறையின் பதிவேட்டுக்கு மாறும். பெற்றோர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், சுகாதாரத் துறை நடத்திய இளையோர் பயிற்சி மையங்களுக்கு அனுப்பலாம், இல்லையேல் ஊருக்கு வெளியே இருந்த பெரிய மனநல மருத்துவமனைகளில் விட்டுவிடலாம். 1959இல் வந்த மனநலச் சட்டம், கற்பிக்க இயலாதவர் என்ற பொருள் தந்த பழைய தொடரைச் சற்று மென்மையாக்கி, பள்ளிக் கல்விக்குப் பொருந்தாதவர் என்று மாற்றியது. வாசல் மட்டும் திறக்கவில்லை.

சோதிப்பவரின் முகத்தைப் பார்க்காத, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லும், நாற்காலியில் நிலைத்து உட்காராத குழந்தைக்கு இத்தகைய சோதனையில் என்ன முடிவு கிடைத்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர், அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை எவரும் அறியாமலேயே இந்த வகைக்குள் விழுந்தனர். ஆட்டிசத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவும் அவர்கள் சூட்டிய பெயர்களின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. கற்பிக்க முடியாது என்று சொல்லப்பட்டவருக்குக் கற்பிக்க முயன்றவர்களின் வரிசையில் வைத்து அதைப் படிக்கும்போது, அறிவு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது வேறு விதமாகத் தெரிகிறது.

அந்த வரிசை பிரான்சில் தொடங்குகிறது. தென் பிரான்சின் அவேரோன் பகுதியில் 1800ஆம் ஆண்டு சனவரியில் காட்டிலிருந்து வெளிவந்த, ஏறத்தாழ 11 அல்லது 12 வயதுடைய, பேச்சறியாத சிறுவன் ஒருவன் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அன்றைய மனநல மருத்துவத்தின் பெரும்பெயரான பிலிப் பினெல் அவனைச் சோதித்து, அவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், தேற வழியில்லை என்று தீர்ப்பளித்தார். செவிப்புலன் அற்றோருக்கான பாரிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ழான் இத்தார் என்ற இளம் மருத்துவர் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. மனிதரோடு பழகாமல் வளர்ந்ததே அவனது நிலைக்குக் காரணம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை முழுவதும் சரியன்று என்பதே இன்றைய அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் அந்தத் தவறான நம்பிக்கைதான் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட பொறுமையான கற்பித்தலுக்கு அடித்தளமாயிற்று. விக்டர் என்று பெயரிடப்பட்ட அச்சிறுவனுக்கு வெப்பமும் குளிர்ச்சியும் வேறென உணரவும், வடிவங்களை இணைக்கவும், எழுத்து அட்டைகளை அடுக்கிப் பால் என்ற பிரெஞ்சுச் சொல்லை உருவாக்கவும் இத்தார் கற்றுத்தந்தார். பேச்சு மட்டும் வரவில்லை. 1801இலும் 1806இலும் எழுதிய இரு அறிக்கைகளில், கிடைத்ததையும் கிடைக்காமற் போனதையும் மறைக்காமல் பதிந்துவிட்டு இத்தார் விலகிக்கொண்டார். அதன் பின் 1828இல் விக்டர் இறக்கும் வரை அவரைப் பேணியவர் கெரேன் அம்மையார் என்ற பணிப்பெண்; இந்த வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. விக்டருக்கு இருந்தது ஆட்டிசமே என்று உளவியலாளர் உட்டா பிரித் பிற்காலத்தில் வாதிட்டார், மறுப்போரும் உள்ளனர். இரு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவருக்கு இன்று நோய்க்குறி எழுதுவதைவிட, அவருக்காக உருவான கருவிகள் எங்கே போயின என்று தேடுவது பயன் மிக்கது.

அவை இத்தாரின் மாணவர் எதுவார் செகேனிடம் போயின. பாரிஸில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திய செகேன், தம் முறையை 1846இல் நூலாக்கி, பின்னர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தார். அவ்விருவரின் எழுத்துகளையும் ரோம் நகரில் ஊன்றிப் படித்த மருத்துவர் மரியா மாண்டிசோரி, குறைபாடுள்ள குழந்தைகளுக்காகத் தாம் செம்மைப்படுத்திய கருவிகளை 1907இல் சான் லொரென்சோ குடியிருப்பின் ஏழைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தினார். 1939இல் அதே மாண்டிசோரி சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், போர் காரணமாக நாடு திரும்ப இயலாமல் கொடைக்கானலில் தங்கிப் பணியைத் தொடர்ந்ததும் தமிழகம் அறிந்த செய்தி. இன்று வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் தொட்டு விளையாடும் சொரசொரப்பான எழுத்து அட்டைகளின் மூதாதை, தேறாதவன் என்று கைவிடப்பட்ட ஒரு சிறுவனின் மேசையில் இருந்தது என்பது பலர் அறியாதது.

ஆட்டிசம் என்ற சொல்லோ கல்வியோடு தொடர்பில்லாத இடத்தில் பிறந்தது. தான் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கிய சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் புளூலர், மனச்சிதைவு நோயாளிகள் புற உலகிலிருந்து விலகித் தமக்குள் ஒடுங்குவதைக் குறிக்கவே 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைப் பயன்படுத்தினார். தமிழில் வழங்கும் மதியிறுக்கம் என்ற சொல்லும் ஏறக்குறைய அந்த ஒடுக்கத்தையே படம் பிடிக்கிறது. மதி இறுகிக் கிடக்கிறது என்ற பொருள் அதிலிருந்து எழுந்துவிடும் என்பதால், ஒலிபெயர்ப்பாக ஆட்டிசம் என்று சொல்வதே குழந்தைக்கு நீதி செய்வதாகும். குழந்தைகளிடம் காணப்பட்ட தனிமை விருப்பையும், ஒரே வகை நாட்டங்களையும், கூரிய புலனுணர்வையும் விரிவாக எழுதிய முதல் மருத்துவர்களுள் ஒருவரான குருன்யா சுகரேவா, மாஸ்கோவில் சிகிச்சையும் கல்வியும் இணைந்த பள்ளியொன்றில் ஆறு சிறுவர்களைக் கண்டறிந்து 1925இல் அதைப் பதிந்தார். அவர் கட்டுரை ஆங்கிலத்துக்கு வர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

உலகம் அறிந்த கட்டுரை 1943இல் வந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவை நடத்திய லியோ கேனர், எட்டுச் சிறுவர்களும் மூன்று சிறுமியருமாகப் பதினொரு குழந்தைகளின் வரலாற்றை அதில் எழுதினார். மனிதரோடு உணர்வுத் தொடர்பு கொள்வதில் பிறவியிலிருந்தே உள்ள இடர்ப்பாடு, சூழல் மாறாதிருக்க வேண்டும் என்ற தீவிர விருப்பம், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் எதிரொலிப் பேச்சு ஆகியவை அவர் கண்ட பொதுக் கூறுகள். பதினொருவரில் முதல்வர், மிசிசிப்பி மாநிலத்தின் பாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட். நான்கு வயது நிறையும் முன்பே மருத்துவர் அறிவுரைப்படி ஒரு நிறுவனத்தில் விடப்பட்ட அவரை, ஏறத்தாழ ஓராண்டில் பெற்றோர் அந்த அறிவுரையை மீறி வீட்டுக்கு அழைத்து வந்தனர். தந்தை எழுதிய 33 பக்கக் கடிதம்தான் கேனரின் ஆராய்ச்சிக்கே தொடக்கம்.

கேனரின் பெயர் நிலைத்தது நோய்க்குறிக்காக. ஆனால் அவர் பிற்காலத்தில் எழுதி வைத்த ஒரு சிறு பகுதி, கல்வியைப் பற்றிப் பல நூல்கள் சொல்லாததைச் சொல்கிறது. 1942இல் டொனால்ட் தன் வீட்டிலிருந்து சில கல் தொலைவில் ஒரு குடியானவத் தம்பதியின் பண்ணைக்கு அனுப்பப்பட்டான். 1945இல் அங்கே சென்று பார்த்த கேனர், சிறப்புப் பயிற்சி ஏதும் பெறாத அந்த இருவரின் திறனைக் கண்டு வியந்தார். அளப்பதில் ஓயாத நாட்டம் கொண்ட அவனைக் கிணறு தோண்டும் வேலையில் சேர்த்து அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார்கள். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் சேர்த்துக்கொண்டே இருந்தபோது அதைத் தடுக்காமல், ஓர் இடத்தைக் கல்லறைத் தோட்டமாக ஒதுக்கிக்கொடுத்து, நடுகல் நாட்டச் செய்தார்கள். அவன் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பெயரும், அதன் இனப்பெயரும், கடைசியில் அந்தக் குடியானவரின் குடும்பப் பெயரும் எழுதிவைத்தான். சோளப்பயிர் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தவனிடம், உழுதுகொண்டே எண்ணும்படி ஏர் தரப்பட்டது. குதிரையைத் திருப்பி, நேராக உழுது, நீண்ட வரிசைகளை அவன் உழுது முடித்ததைக் கேனரே நேரில் கண்டார். அகற்றப்பட வேண்டிய அறிகுறி என்று மருத்துவம் கருதிய ஒன்றை, வேலைக்கும் உறவுக்கும் வாயிலாக அந்தத் தம்பதி ஆக்கியிருந்தனர். டொனால்ட் பின்னர் பள்ளிக்குச் சென்றார், 1958இல் கல்லூரிப் பட்டம் பெற்றார், வங்கியில் பணிபுரிந்தார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்தார், 2023இல் தம் 89ஆம் வயதில் இறந்தார். பதினொருவரையும் 1971இல் மீண்டும் தேடிச்சென்ற கேனர், அரசு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டவர்கள் முன்பு தமக்கிருந்த திறன்களையும் இழந்துவிட்டதைக் கண்டு, அத்தகைய சேர்க்கை ஆயுள் தண்டனைக்கு ஒப்பானது என்ற முடிவுக்கு வந்தார். டொனால்டின் குடும்பம் செல்வமும் கல்வியும் உடையது, அந்த வங்கியே தாய்வழிச் சுற்றத்தாருடையது என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

டொனால்ட் பண்ணையில் வாழ்ந்த அதே ஆண்டுகளில் வியன்னாவில், கற்பிக்க இயலாதவர் என்ற சொல் உயிரைப் பறிக்கும் சொல்லாயிற்று. அங்கே குழந்தைகள் மருத்துவமனையில், மருத்துவமும் கல்வியும் கலந்த சீர்கல்விப் பிரிவை நடத்திய ஹான்ஸ் ஆஸ்பெர்கர், 1944இல் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர்களின் திறமைகளையும், அவர்களுக்கு ஏற்ற ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பரிவோடு விவரித்தார். வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018இல் வெளியிட்ட ஆவணங்கள் மறுபக்கத்தைக் காட்டின. 1942இல் குகிங் மனநல நிறுவனத்தில் இருந்த 210 குழந்தைகளை வகைப்படுத்திய குழுவில் ஆஸ்பெர்கர் உறுப்பினராக இருந்தார். கல்விக்கும் வளர்ச்சிக்கும் இயலாதவர் என்று அந்தக் குழு குறித்த 35 குழந்தைகள் ஸ்பீகல்குருண்ட் என்ற நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு இறந்தனர். நாஜி ஆட்சியின் கருணைக் கொலைத் திட்டத்தில் ஏறத்தாழ 800 குழந்தைகள் அங்கே உயிரிழந்தனர். ஒரு குழந்தைக்குக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியை, அந்தக் குழந்தை வாழலாமா என்ற கேள்வியோடு ஓர் அரசு இணைத்துவிட்டால், பரிவோடு எழுதிய கையும் அந்தப் பட்டியலில் கையெழுத்திடும் என்பதை வியன்னா ஆவணங்கள் காட்டுகின்றன.

போருக்குப் பின் குற்றம் பெற்றோர்மேல் விழுந்தது. குழந்தைகளின் பெற்றோர் உணர்ச்சி வறண்டவர்களாகத் தென்பட்டதைக் கேனர் தம் கட்டுரையில் குறித்திருந்தார். குறைபாடு பிறவியிலேயே வருவது என்றும் அதே கட்டுரையில் சொல்லியிருந்தார். அன்றைய உளப்பகுப்பாய்வு மரபு, அதாவது மனநோய்க்குக் குழந்தைப் பருவ உறவுகளில் காரணம் தேடும் மரபு, முதல் கூற்றை மட்டும் பற்றிக்கொண்டது. தாயின் அன்பின்மையே குழந்தையைத் தனக்குள் ஒடுங்கச் செய்கிறது என்ற கருத்தைச் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. காரணம் தாயென்றால் மருந்து பிரிவு. எனவே குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து, எதையும் வற்புறுத்தாமல் விட்டுவைப்பதே சிகிச்சை என்றாயிற்று. எழுத்தும் எண்ணும் கற்பிப்பது இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஒரு தலைமுறைத் தாய்மார் சுமந்த பழி ஒருபுறம் இருக்க, அவர்தம் குழந்தைகள் இழந்த பள்ளி ஆண்டுகளும் இந்தக் கோட்பாட்டின் கணக்கில் சேர வேண்டியவை. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் எழுதிய நூல், காரணம் உடலியல் சார்ந்தது என்று சான்றுகளைத் திரட்டிக் காட்டியது. 1977இல் சூசன் போல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 இணைகளுள் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு அதன்பின் ஐயத்துக்கு இடமின்றி ஆராய்ச்சியின் பொருளாயிற்று.

லண்டனில் சிலர் இந்த முடிவுகளுக்காகக் காத்திருக்கவில்லை. மாண்டிசோரி முறையை அஞ்சல் வழிப் பாடமாகப் பயின்ற சிபில் எல்கர், 1958இல் ஒரு பகல்நேர மருத்துவமனையில் அன்று உளப்பிறழ்வுடையோர் என்று அழைக்கப்பட்ட குழந்தைகளைக் கண்டு மனம் கலங்கினார். மருத்துவர் மில்ட்ரெட் கிரீக்கின் தலைமையில் கூடிய குழு 1961இல் அந்தக் குழந்தைகளை அடையாளம் காண ஒன்பது குறிகளை வகுத்துக்கொண்டிருந்த காலம் அது; என்ன பெயரிடுவது என்பதிலேயே மருத்துவர்களிடையே ஒற்றுமை இல்லை. 1962இல் எல்கர், செயின்ட் ஜான்ஸ் உட் பகுதியில் தம் வீட்டின் நிலவறையில் சில குழந்தைகளுக்கு வகுப்புத் தொடங்கினார். அதே ஆண்டில் பெற்றோர் சிலர் கூடி, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான சங்கத்தை நிறுவினர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவராகவும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயாகவும் இருந்தவர். சங்கத்தின் முதல் நோக்கம் ஒரு பள்ளி. பணம் திரட்டி, 1965இல் மேற்கு லண்டனின் ஈலிங் பகுதியில் அந்தப் பள்ளியைத் திறந்து, எல்கரைத் தலைமை ஏற்கச் செய்தார்கள். இதே சங்கத்துக்காகத் தந்தை ஒருவர் 1963இல் வரைந்த சின்னம்தான் பின்னாளில் உலகெங்கும் பரவிய புதிர்த்துண்டு. தாங்கள் விடுவிக்கப்பட வேண்டிய புதிர் அல்லர் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் அதை இன்று ஏற்க மறுக்கின்றனர், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஈலிங் வகுப்பறையின் முறையை ஒழுங்கமைந்த கற்பித்தல் என்று கல்வியாளர் அழைப்பர். நாளின் வேலைகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை; ஒவ்வொரு வேலையும் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது; ஆசிரியரின் பேச்சு சுருங்கியது, கண்ணால் காண்பதும் கையால் செய்வதும் பெருகின. இதில் மாண்டிசோரியின் வழியே வந்த செகேனும் இத்தாரும் தெரிகின்றனர். அது ஏன் பலன் தந்தது என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி, அதே நகரில் பியாட்டே ஹெர்மெலினும் நீல் ஓ'கானரும் செய்த சோதனைகளில் கிடைத்தது. பொதுவாகக் குழந்தைகள் தொடர்பற்ற சொற்பட்டியலைவிடப் பொருளுள்ள வாக்கியத்தை மிக எளிதாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அந்த வேறுபாடு மிகக் குறைவாக இருந்தது. ஒலியாகக் கேட்டதை அவர்களால் இருத்திக்கொள்ள முடிந்தது, அதைப் பொருளாகக் கோத்துக்கொள்வது கடினமாக இருந்தது. பேச்சு வெள்ளத்தில் பொருள் கரைந்துபோகிற குழந்தைக்கு, மாறாத வரிசையும் கண்ணுக்குத் தெரியும் பொருளும் கால் ஊன்றும் நிலமாகின்றன. விரும்பியபடி விட்டுவைப்பதை விடுதலை என்று நினைத்தவர்கள், அந்தக் குழந்தைக்கு ஒழுங்கற்ற நாள் எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தகைய வகுப்பறைகள், சட்டத்தின் 57ஆம் பிரிவுக்கு எதிரான உயிருள்ள சான்றுகளாயின. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோர் 1946 முதலே ஜூடி பிரைட் என்ற தாயின் முன்முயற்சியில் அணிதிரண்டிருந்தனர். இளையோர் பயிற்சி மையங்களிலேயே எழுத்தறிவிக்க முடிவதைக் காட்டிய ஆசிரியர்களும் இருந்தனர். நாடாளுமன்றம் 1970இல் நிறைவேற்றிய சட்டம், எந்தக் குழந்தையையும் கல்விக்கு வெளியே வகைப்படுத்தும் அதிகாரத்தை நீக்கியது; 1971 ஏப்ரல் முதல் பயிற்சி மையங்கள் பள்ளிகளாயின, அவற்றின் குழந்தைகள் மாணவராயினர். அமெரிக்காவில் இதற்கு இணையான உரிமை 1975இல்தான் சட்டமாயிற்று.

முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு சட்டத்துக்குப் பின்னரே வந்தது. 1973இல் ரட்டரும் லாரன்ஸ் பார்ட்டக்கும், உளச்சிகிச்சைக்கு முதலிடம் தந்த ஒரு நிலையம், கட்டுப்பாடு தளர்ந்த கல்வி தந்த ஒரு நிலையம், ஒழுங்கமைந்த கற்பித்தலைப் பின்பற்றிய ஒரு நிலையம் என மூன்றையும் ஒப்பிட்டு, படிப்பில் மிகுந்த முன்னேற்றம் மூன்றாவதில்தான் இருந்தது என்று வெளியிட்டனர். பள்ளியில் கற்றது வீட்டில் தானாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்தே எழுதினர். பெற்றோரையும் உடன் ஆசிரியராக்கும் முறைகள் பிரிட்டனில் வளர இது தூண்டியது. அமெரிக்காவின் வட கரோலினாவில், சிகாகோவில் படித்துப் பெட்டல்ஹைமின் கோட்பாட்டை நிராகரித்த எரிக் ஷாப்ளர் 1972இலேயே மாநிலம் தழுவிய திட்டமொன்றை அந்த அடிப்படையில் தொடங்கியிருந்தார். 1979இல் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து, கேனர் வரைந்த எல்லைக்கு வெளியேயும் அதே வகை இடர்ப்பாடுகளுடன் பலர் இருப்பதைக் கண்டனர். ஒன்றோடொன்று கலந்து செல்லும் வண்ணங்களைப் போல ஆட்டிசமும் ஒரு நிறமாலை என்ற இன்றைய பார்வை அங்கிருந்து வளர்ந்தது.

ஈலிங் பள்ளியின் முதல் மாணவர்கள் இதற்குள் வளர்ந்துவிட்டிருந்தனர். 1970ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி வயதைப் பற்றி மட்டுமே பேசியது. அந்த வயது கடந்தவருக்கு முன்னே மறுபடியும் அதே பழைய மருத்துவமனைகளின் வாயில்தான் திறந்திருந்தது. எழுதவும் சமைக்கவும் மரவேலை செய்யவும் கற்ற ஓர் இளைஞர் அங்கே சேர்க்கப்பட்டால் அவர் கற்றதெல்லாம் என்னவாகும் என்பதைக் கேனரின் 1971ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்லியிருந்தது. எல்கரும் பெற்றோரும் மீண்டும் பணம் திரட்டத் தொடங்கினர். 1974இல் சாமர்செட் மாவட்டத்தின் பிரென்ட் நோல் என்ற ஊரில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்வதற்கான சாமர்செட் கோர்ட் திறக்கப்பட்டது. நிலவறையில் வகுப்புத் தொடங்கிய ஆசிரியர், அறுபது வயதில் அதன் பொறுப்பையும் ஏற்றார்.